குடிநீரில் குறை தென்பட்டால்: அறிகுறியைப் பிடித்துக் காரணத்தைத் தேடும் வழி

ஒரு மழைக்காலத்தில், மழை பெய்த மறுநாள் மட்டும் எங்கள் வீட்டுக் குடிநீர் லேசாகக் கலங்குவதும் இரண்டு நாளில் தானாகத் தெளிவதுமாக இருந்தது. சுத்திகரிப்பு இயந்திரத்தைப் பார்க்க வந்தவர் வடிகட்டியை மாற்றினார். அடுத்த மழைக்குப் பின்னும் கலங்கியது, மறுபடியும் மாற்றினார். மூன்றாம் முறைதான் சம்ப்பின், அதாவது தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியின், மூடியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது. மூடியைத் தாங்கும் சிமென்ட் விளிம்பில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் இருந்தது. வாசலில் தேங்கிய மழைநீர் அதன் வழியாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சட்டிக் கலவையில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு இரண்டு வடிகட்டிகளின் விலையைக் கொடுத்தது பெரிதல்ல. அந்த இரண்டு மாதமும் வாசல் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுத்தோமே என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

குழாய்த் தண்ணீர், போர் எனப்படும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், லாரித் தண்ணீர், கேன் தண்ணீர் என்று நான்கையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் நகர, புறநகர் வீடுகளை மனத்தில் வைத்து இந்த வழிமுறையை எழுதியிருக்கிறேன். எந்த இயந்திரம் வாங்கலாம் என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைத்து, தண்ணீர் என்ன காட்டுகிறது என்பதிலிருந்து தொடங்குகிறது. அளவுகள் கூறும் இடங்களில், இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு வகுத்துள்ள ஐ.எஸ். 10500 என்ற 2012ஆம் ஆண்டுத் தரத்தையே பெரும்பாலும் பின்பற்றியிருக்கிறேன்.

முதலில் செய்ய வேண்டியது

எந்த அறிகுறியானாலும், மூன்று கண்ணாடி டம்ளர்களில் மூன்று இடத்துத் தண்ணீரைப் பிடியுங்கள். ஒன்று, தண்ணீர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், அதாவது தெருக் குழாயிலோ போர் மோட்டாரின் வெளியேற்றுக் குழாயிலோ நேரடியாகப் பிடித்தது. இரண்டாவது, மேல்நிலைத் தொட்டியிலிருந்து சமையலறைக் குழாய்க்கு வருவது. மூன்றாவது, இயந்திரத்திலிருந்தோ குடத்திலிருந்தோ நீங்கள் உண்மையில் குடிப்பது. மூன்றையும் வெள்ளைத் தாளின்மேல் வரிசையாக வைத்து நிறத்தைப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள், பிறகு மூடி ஓர் இரவு அப்படியே விடுங்கள். முதல் டம்ளரிலேயே குறை இருந்தால் நீர் ஆதாரத்தில் கோளாறு. இரண்டாவதில் தொடங்கினால் சம்ப், தொட்டி, குழாய் ஆகியவற்றில் ஒன்று. மூன்றாவதில் மட்டும் தெரிந்தால் இயந்திரமோ பாத்திரமோ காரணம். இந்தச் சோதனைக்குச் செலவு ஏதும் இல்லை. இதைச் செய்யாமல் கொடுக்கும் பணத்தில் பாதி வீண் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாக்கடை நாற்றமோ, வீட்டில் ஒரே சமயத்தில் பலருக்கு வயிற்றுப்போக்கோ இருந்தால் சோதனை முடியும்வரை காத்திருக்க வேண்டாம். அந்தத் தண்ணீரைக் குடிப்பதையும் பல் துலக்குவதையும் உடனே நிறுத்திவிட்டுக் கீழே அதற்கான பகுதிக்குச் செல்லுங்கள்.

தண்ணீர் வெள்ளையாக அல்லது கலங்கலாக வருகிறது

டம்ளரில் பிடித்தவுடன் பால் கலந்ததுபோல் வெண்மையாக இருந்து, ஓரிரு நிமிடத்தில் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது காற்றுக் குமிழிதான். குழாயில் அழுத்தம் மாறும்போது இப்படி வரும், குடிப்பதற்குத் தடையில்லை. மாறாக, மேலிருந்து கீழ்நோக்கித் தெளிந்து அடியில் வண்டல் தங்கினால் அது மண். புதிதாகப் போட்ட போரில் சில நாள் இது வருவது இயல்பு. பழைய போரில் திடீரென வந்தால் நீர்மட்டம் இறங்கி மோட்டார் அடிச்சேற்றை இழுக்கிறதா, உறைக்குழாய் உடைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

மண் கலங்கலைத் தெளிய வைக்கப் படிகாரமும், பானையின் உட்புறத்தில் உரைக்கும் தேற்றாங்கொட்டையும் நம் வீடுகளில் நெடுங்காலமாகப் பயன்படுபவை. இரண்டும் மண்ணை அடியில் படிய வைக்கும். கிருமியை முழுதாக நீக்கிவிடும் என்று நம்பக் கூடாது. தெளிந்த நீரை இறுத்து, அதன் பிறகு கொதிக்க வைக்க வேண்டும். புற ஊதாக் கதிர் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். கலங்கிய நீரில் மண்துகளின் மறைவில் இருக்கும் கிருமியை அந்த ஒளி சென்று தொடாது என்பதால், விளக்கு எரிகிறது என்பதை மட்டும் பார்த்து நிம்மதி கொள்ளலாகாது.

தெளிவாக வருகிறது, வைத்திருந்தால் செம்மஞ்சள் ஆகிறது

இது இரும்பின் தெளிவான அடையாளம். நிலத்தடியில் காற்றுப் படாத நிலையில் இரும்பு நிறமின்றிக் கரைந்திருக்கும். மேலே வந்து காற்றுப் பட்டதும் ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாக மாறி, முதலில் மஞ்சளாகவும் பின்னர் செம்பழுப்பாகவும் படியும். ஆகவே போரிலிருந்து நேரடியாகப் பிடித்த முதல் டம்ளர் பிடித்தவுடன் தெளிவாகவும், மறுநாள் காலையில் அடியில் செம்மண் நிறப் பொடியோடும் இருந்தால் ஐயமே வேண்டாம். முதல் டம்ளர் மறுநாளும் தெளிவாக இருந்து, இரண்டாவது மட்டும் சிவந்திருந்தால், குற்றம் நிலத்தடி நீரில் இல்லை. வீட்டின் பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்திருக்கிறது.

இன்னொரு அடையாளம் அடுப்படியில் கிடைக்கும். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருளோடு இரும்பு சேர்ந்தால் கருமை உண்டாகும். பால் சேர்க்காத தேநீர் வழக்கமான செம்மைக்கு மாறாக மைபோல் கறுத்தால் அந்தத் தண்ணீரில் இரும்பு மிகுந்திருக்கிறது என்று கொள்ளலாம். வெள்ளை வேட்டியில் விழும் பழுப்புக் கறையும், கழிவறைத் தொட்டிக்குள் வழவழப்பாகப் படியும் செம்பழுப்புப் பாசியும் இதன் உறவினர்களே. பின்னது இரும்பை உண்டு வாழும் ஒருவகை நுண்ணுயிரின் வேலை. சிலர் தண்ணீரின்மேல் எண்ணெய் மினுமினுப்புப் போன்ற ஏடு மிதப்பதைக் கண்டு மண்ணெண்ணெய் கலந்துவிட்டது என்று அஞ்சுவார்கள். ஒரு குச்சியால் ஏட்டைத் தொட்டுப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்து அப்படியே பிரிந்து நின்றால் இரும்பு ஏடு. உடைந்தது மறுபடியும் வழிந்து ஒன்றுகூடினால் அது உண்மையிலேயே எண்ணெய், அந்தத் தண்ணீரைத் தொடவே கூடாது.

லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே இரும்பின் சுவையும் கறையும் தெரியத் தொடங்கிவிடும். அந்த அளவில் அது உடலுக்கு நஞ்சன்று. ஆனால் வாயில் துருச்சுவை அடிப்பதால் வீட்டார் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள், அதுவும் ஒரு கேடுதான். தீர்வு எளியது. தண்ணீரை உயரத்திலிருந்து பல துளைகள் வழியாகப் பூந்தூறல்போல் விழவிட்டுக் காற்றுப் பட வைத்து, சில மணி நேரம் தேங்கவிட்டு, மணலும் கூழாங்கல்லும் அடுக்கிய தொட்டி வழியாக வடித்தால் இரும்பின் பெரும்பகுதி மணலில் தங்கிவிடும். இதைச் செய்யாமல், நுண்ணிய சவ்வு வழியாக நீரை அழுத்திச் செலுத்தி உப்பை நீக்கும் ஆர்.ஓ. இயந்திரத்துக்கு நேரே அனுப்பினால் அதன் சவ்வு துருவால் அடைபட்டு விரைவில் கெடும். ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டிய சவ்வு சில மாதங்களில் போய்விட்டது என்று குறைப்படும் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

பாத்திரத்தில் வெள்ளைப் பொறுக்கு, பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை

கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த கடினநீர் இது. பொறுக்கின்மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் நுரைத்துக் கரையும். அதுவே போதுமான சோதனை. கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது விரும்பத்தக்கது என்றும், வேறு ஆதாரம் இல்லாதபோது 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் தரநிலை கூறுகிறது. கடினநீர் குடித்தால் சிறுநீரகக் கல் வரும் என்ற அச்சம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. கடினத்தன்மை மட்டுமே நோய் உண்டாக்குகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. வெயில் காலத்தில் போதிய தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் கல் உருவாகப் பெரிதும் இடம்கொடுக்கிறது. ஏற்கெனவே கல் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரின் சொல்லைக் கேட்க வேண்டும் என்பது வேறு.

கடினத்தன்மையில் ஒரு பகுதி கொதிக்க வைத்தாலே நீங்கும். வெந்நீர்ப் பாத்திரத்தில் ஒட்டும் பொறுக்கே அதற்குச் சாட்சி. கொதித்த நீரை ஆறவைத்து, அடியைக் கலக்காமல் மேல்நீரை இறுத்துக்கொண்டால் சமையலுக்கும் குடிப்பதற்கும் பெரும்பாலும் போதும். உப்பிட்டு இயக்கும் மென்னீராக்கும் கருவிகளை வீடு முழுவதற்கும் பொருத்துபவர்கள், அவை கால்சியத்தை எடுத்துவிட்டு அதற்கு ஈடாகச் சோடியத்தைத் தண்ணீரில் விடுகின்றன என்பதை அறிந்திருக்க வேண்டும். துணி துவைக்கவும் வெந்நீர்க் கொதிகலனுக்கும் அது நல்லது. இரத்த அழுத்தம் உள்ளவர் இருக்கும் வீட்டில் குடிநீர்க் குழாயை மட்டும் அதிலிருந்து பிரித்து வைப்பதே சரி.

உப்புக் கரிக்கிறது

இங்கேதான் ஆர்.ஓ. இயந்திரம் உண்மையிலேயே தேவைப்படுகிறது. இங்கேதான் அதைப்பற்றிய தவறான நம்பிக்கைகளும் மிகுதி. கடற்கரையை ஒட்டிய ஊர்களில் நிலத்தடி நன்னீரை அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே நகர்ந்து வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் வட்டாரத்துக் கிணறுகளில் பல பத்தாண்டுகளாக இது நடந்திருக்கிறது. கோடையில் மட்டும் கரித்து, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் சுவை திரும்பினால் உங்கள் போர் இன்னும் மீட்கக்கூடிய நிலையில் இருக்கிறது என்று பொருள். மாடியில் விழும் மழைநீரை வடிகட்டிக் கிணற்றுக்குள் விடும் அமைப்பு, 2003இல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டபோது பல வீடுகளில் கட்டப்பட்டது. இன்று அவற்றில் பல, குப்பை அடைத்துப் பெயருக்கு இருக்கின்றன. மழைக்கு முன் அந்தக் குழியைத் தூர்வாருவது எந்த இயந்திரத்துக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை.

கரிப்பை அளக்க டி.டி.எஸ். மீட்டர் போதும். கரைந்த உப்புகளின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கத்தக்கது. ஆனால் இந்த மீட்டர் எதை அளக்கிறது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது தண்ணீரின் மின்கடத்தும் திறனை அளந்து, அதிலிருந்து உப்பின் அளவைக் கணக்கிட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். சாக்கடை கலந்த தண்ணீரில் 300 காட்டலாம். தூய்மையான ஊற்றுநீரிலும் 300 காட்டலாம். கிருமி, புளோரைடு, பூச்சிக்கொல்லி ஆகிய எதையும் அது பிரித்துச் சொல்லாது. எண் குறைந்தால் தண்ணீர் நல்லது, ஏறினால் கெட்டது என்று நம்ப வைத்துத்தான் பலருக்கு இயந்திரங்கள் விற்கப்படுகின்றன.

வீடு தேடி வரும் சில விற்பனையாளர்கள் இரண்டு டம்ளர்களில் மின்கம்பிகளை நுழைத்து, உங்கள் குழாய்த் தண்ணீர் சில நொடிகளில் பழுப்பாகவும் பச்சையாகவும் மாறுவதையும் தங்கள் இயந்திரத்தின் தண்ணீர் மாறாமல் இருப்பதையும் காட்டுவார்கள். அந்த நிறம் உங்கள் தண்ணீரிலிருந்து வருவதில்லை. மின்சாரம் பாய்ந்ததும் அந்தக் கம்பியின் இரும்பே கரைந்து துருவாகப் பிரிகிறது. உப்பு இருக்கும் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதால் அங்கே துரு உண்டாகிறது, உப்பு நீக்கிய தண்ணீர் கடத்தாததால் அங்கே உண்டாவதில்லை. நல்ல ஊற்றுநீரை வைத்தாலும் அதே பழுப்புதான் வரும். அதைக் கண்டு பயந்து பணம் கட்டியவர்களை நான் அறிவேன். அவர்களைக் குறை கூற மாட்டேன், பார்வைக்கு அது அவ்வளவு அச்சமூட்டுவது.

500க்குக் கீழே உள்ள ஆற்றுநீரோ ஏரிநீரோ குழாயில் வரும் வீட்டுக்குப் பெரும்பாலும் ஆர்.ஓ. வேண்டியதில்லை. அத்தகைய நீருக்கு ஆர்.ஓ. பயன்படுத்துவதைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2019இல் கூறியது. பல வீட்டு இயந்திரங்கள் ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றுகின்றன. உடலுக்கு உதவும் கால்சியம், மெக்னீசியத்தையும் சேர்த்தே அகற்றிவிடுகின்றன. 1000, 1500 என்று காட்டும் போர் தண்ணீருக்கு ஆர்.ஓ. வைத்துத்தான் ஆக வேண்டும். அப்படி வைப்பவர்கள் வெளிவரும் நீரின் டி.டி.எஸ். அளவை 20, 30 என்று இறக்குவதைப் பெருமையாக எண்ணாமல், அளவைச் சரிசெய்யும் திருகு இருந்தால் 100ஐ ஒட்டி வைத்துக்கொள்ளும்படி கேளுங்கள். நீரில் புளோரைடோ நைட்ரேட்டோ மிகுதி என்று தெரிந்தால் மட்டும் அந்தத் திருகைத் தொடக் கூடாது, ஏனெனில் அது சுத்திகரிக்காத நீரையே சிறிது கலந்து அளவை ஏற்றுகிறது. ஊருக்குப் போய்த் திரும்பினால் இயந்திரத்தின் தொட்டியில் தேங்கியிருக்கும் நீர் முழுவதையும் கீழே விட்டுவிடுங்கள். குளோரின் முற்றிலும் நீக்கப்பட்ட அந்த நீரில் கிருமி வளரத் தடையேதும் இல்லை.

அழுகிய முட்டை நாற்றம்

ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் சல்பேட்டைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் விடும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவே இந்த நாற்றம். டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறையை விட்டு வேறு அறைக்குப் போய் முகர்ந்து பாருங்கள். அங்கே நாற்றம் இல்லையானால் அது கழுவுதொட்டியின் வடிகாலிலிருந்து வந்தது, தண்ணீரிலிருந்து அல்ல. வெந்நீரில் மட்டும் இருந்தால் கொதிகலனுக்குள் உள்ள மெக்னீசியத் தண்டு காரணமாக இருக்கலாம். பச்சைத் தண்ணீரிலும் இருந்தால், அகன்ற பாத்திரத்தில் பலமுறை ஆற்றி ஊற்றிச் சில மணி நேரம் திறந்து வைத்தால் பெரும்பகுதி போய்விடும். நீண்டநாள் ஓடாத போராக இருந்தால் முதல் அரைமணி நேரத் தண்ணீரைச் செடிகளுக்கு விடலாம்.

சாக்கடை நாற்றம், கறுப்பு நீர், வீட்டில் பலருக்கு வயிற்றுப்போக்கு

இந்தப் பகுதியை ஒருமுறை முழுதாகப் படித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் தேவைப்படும் நாளில் நிதானமாகப் படிக்க முடியாது.

குழாய்த் தண்ணீர் சில மணி நேரம் மட்டும் வரும் ஊர்களில், தண்ணீர் நின்றிருக்கும் நேரத்தில் குழாய் வெறுமையாக இருக்கும். அப்போது மூட்டுகளிலும் விரிசல்களிலும் அருகே ஓடும் கழிவுநீர் கசிந்து உள்ளே சேரும். தண்ணீர் திறந்தவுடன் முதலில் வருவது அதுதான். தெருக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து இழுக்கும் வழக்கம் இதை மேலும் மோசமாக்குகிறது. மோட்டார் இழுக்கும்போது குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி வெளியில் உள்ள கழிவை உறிஞ்சுகிறது, அந்தக் கழிவு உங்கள் வீட்டோடு நிற்காமல் பக்கத்து வீடுகளுக்கும் போகிறது. அழுத்தம் இல்லாமல் தண்ணீர் ஏறவில்லை என்ற இயலாமையில்தான் பலரும் இதைச் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் தண்ணீர் தானாகவே இறங்கும்படி தரைமட்டத்துக்குக் கீழே சம்ப் அமைத்து, மோட்டாரைச் சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்கு மட்டும் பயன்படுத்துவதே தெருவுக்கே நல்லது.

நாற்றம் தெரிந்தவுடன் சம்ப்புக்குள் தண்ணீர் போகும் வால்வை மூடுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் கேளுங்கள், அவர்களுக்கும் இருந்தால் தெருக் குழாயில் கோளாறு, குடிநீர் வாரியத்துக்கோ உள்ளாட்சி அலுவலகத்துக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். சென்னையில் 1916 என்ற எண்ணில் புகார் அளிக்கலாம். உங்களுக்கு மட்டும் இருந்தால், உங்கள் இணைப்புக் குழாய் கழிவுநீர்த் தொட்டியை ஒட்டிச் செல்கிறதா என்று பாருங்கள். கிணற்றுக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் இடையே குறைந்தது 15 மீட்டர் இருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. ஒரு கிரவுண்டு மனைகளில் அது பெரும்பாலும் இயலாததால், அத்தகைய வீடுகளில் கிணற்றுநீரைக் கொதிக்க வைக்காமல் குடிப்பதில்லை என்ற முடிவை எடுத்துவிடுவதே பாதுகாப்பு.

கோளாறு சரியாகும்வரை குடிப்பதற்கும் பாத்திரம் அலம்பும் கடைசி நீருக்கும் கொதித்தாறிய தண்ணீரையே பயன்படுத்துங்கள். குமிழி விட்டுத் தளதளவெனக் கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் கொதித்தால் நோய்க் கிருமிகள் சாகும். ‘சூடாக்கினேன்’ என்பது போதாது. வயிற்றுப்போக்கு கண்டவர்களுக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் செல்ல வேண்டும். சிறு குழந்தைகளுக்கும் முதியோருக்கும் காத்திருக்கலாகாது.

தண்ணீர் சரியான பின் சம்ப்பையும் தொட்டியையும் இறைத்து, வண்டலைத் தேய்த்து அகற்றி, கிருமி நீக்க வேண்டும். நீர் நிரம்பிய 1000 லிட்டர் தொட்டிக்கு ஏறத்தாழ 150 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த மேல்நீரை மட்டும் ஊற்றி, எல்லாக் குழாய்களிலும் குளோரின் வாசனை வரும்வரை திறந்துவிட்டு மூடி, ஓர் இரவு அப்படியே விடுங்கள். மறுநாள் அந்த நீர் முழுவதையும் வெளியேற்றிவிட்டு, புதிய நீர் நிரப்பி அலசிய பின்பே பயன்படுத்த வேண்டும். சம்ப்புக்குள் ஆள் இறங்குவதானால் மூடியை நெடுநேரம் திறந்து வைத்துக் காற்றோட்டம் வந்தபின், மேலே ஒருவர் கட்டாயம் நிற்க இறங்க வேண்டும். மூடிய சம்ப்பில் மூச்சுத் திணறி உயிர்கள் போயிருக்கின்றன.

மருந்து வாசனை அடிக்கிறது

குழாய்த் தண்ணீரில் லேசான குளோரின் வாசனை குறையன்று. குழாயின் கடைசி முனையிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பதே விதி. வழியில் கலந்த கிருமிகளைக் கொன்ற பிறகும் மிச்சம் இருக்கிறது என்பதற்கு அந்த வாசனையே சாட்சி. வழக்கமாக வரும் வாசனை ஒருநாள் முற்றிலும் இல்லாமல் போனால்தான் கவலைப்பட வேண்டும். பிடிக்காதவர்கள் வாயகன்ற பாத்திரத்தில் மெல்லிய துணி மூடிச் சில மணி நேரம் வைத்தால் போய்விடும்.

கேன் தண்ணீரில் பாசி, பிளாஸ்டிக் நெடி, வழவழப்பு

கேனை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்சுவரில் பச்சை தெரிந்தால் அது வெயிலில் நின்றிருக்கிறது, அல்லது சரியாகக் கழுவப்படவில்லை, திருப்பி அனுப்பிவிடுங்கள். மூடியின் உறை கிழிந்திருந்தாலோ, தயாரித்த நாளும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லாவிட்டாலோ வாங்க வேண்டாம். கேன் நன்றாக இருந்தும் தண்ணீர் வழவழப்பாகத் தோன்றினால், குற்றம் பெரும்பாலும் நம் வீட்டில் கேனைக் கவிழ்த்து வைக்கும் குடுவையில்தான் இருக்கும். மாதக்கணக்கில் கழுவாத அந்தக் குடுவையின் குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். வாரம் ஒருமுறை கழற்றித் தேய்த்து வெயிலில் காயவைக்க வேண்டும்.

எந்த அறிகுறியும் இல்லை

நிறமில்லை, மணமில்லை, சுவையும் இனிப்பாக இருக்கிறது. ஆனாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் புதிதாக முளைத்த பற்களில் சுண்ணாம்புத் திட்டோ பழுப்புக் கோடோ இருக்கிறது என்றால், தண்ணீரில் புளோரைடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாறையிலிருந்து கரைந்து வரும் புளோரைடு தலைமுறை தலைமுறையாகப் பல்லையும் எலும்பையும் பாதித்தது. காவிரி நீரை அங்கே கொண்டு செல்ல ஜப்பானிய நிதியுதவியோடு கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் விரும்பத்தக்க அளவு, 1.5 உச்ச வரம்பு. எனாமல் உருவாகும் எட்டு வயதுக்குள் ஏற்படும் கறை பிறகு போகாது. திட்டக் குழாய் வந்த ஊர்களிலும் ‘போர் தண்ணீர்தான் ருசி’ என்று பழைய தண்ணீரையே குடிப்பவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்காவது மாற்றிக் கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது.

உரமிட்ட தோட்டங்களுக்கும் கழிவுநீர்க் குழிகளுக்கும் நடுவே உள்ள கிணறுகளில் நைட்ரேட்டும் இப்படியே சத்தமின்றி இருக்கும். யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புப் பாறை நிலத்துக் கிணறுகளில் இது நன்கு அறியப்பட்ட சிக்கல். வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால்பவுடரை இந்த நீரில் கரைத்துக் கொடுத்தால் இரத்தம் ஆக்சிஜனை ஏந்தும் திறனை இழந்து உதடும் நகமும் நீலம் பாரிக்கலாம்.

இந்த இரண்டுக்கும் ஒரு பொதுவான எச்சரிக்கை உண்டு. கொதிக்க வைப்பதால் இவை போகா. நீர் வற்ற வற்ற அளவு கூடவே செய்யும். ஆர்.ஓ. இவற்றைக் குறைக்கும். மாடியில் முதல் மழையை ஓடவிட்டுப் பிடித்து, மூடி வைத்து, கொதித்தாறிய மழைநீர் இன்னும் எளிய மாற்று.

ஆகவே சொந்தக் கிணறோ போரோ உள்ள ஒவ்வொரு வீடும் ஒருமுறையாவது நீரை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் இருக்கிறது. கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் சோதித்துக்கொள்ளலாம். உப்புகளுக்கான சோதனைக்கு, அதே தண்ணீரால் பலமுறை அலசிய சுத்தமான இரண்டு லிட்டர் புட்டி போதும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் நுண்ணுயிர் நீக்கிய புட்டியிலேயே பிடித்து, குளிர்ந்த பெட்டியில் வைத்து அன்றே சேர்க்க வேண்டும். மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலி என்ற கிருமி நூறு மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கலாகாது. கோடையின் நடுவே ஒருமுறையும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஒருமுறையும் எடுத்தால் இரண்டு முனைகளும் தெரியும்.

சோதனைத் தாள் கைக்கு வந்ததும், தண்ணீர் பிடித்த நாள், எந்தக் குழாயில் பிடித்தது, அதற்கு முன்தினம் மழை பெய்ததா, லாரித் தண்ணீர் சம்ப்பில் கலந்திருந்ததா என்பவற்றை அதன் பின்புறத்தில் எழுதி, மோட்டார் சுவிட்ச் பெட்டியின் கதவுக்குள் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை டம்ளரில் ஏதேனும் மாற்றம் தெரியும்போது, பழுது பார்க்க வருபவரிடம் முதலில் காட்ட வேண்டியது அந்தத் தாளைத்தான்.